வாசற்படி தாண்டி வரும் துணை

"வீட்டுக்கு வீடு வாசற்படி" என்று எம்மவர் சொல்வதுண்டு. குறையில்லாத குடும்பம் உலகில் இல்லை. ஆகையால் பிறர் வீட்டுக் குறையைக் கிண்டிக் கிளறாதே என்பது அதன் கருத்து. நல்ல அறிவுரைதான். ஆனால், அந்த வாசற்படிக்கு அப்பால் ஒரு தாய் அடியுண்டு அழும்போது, அதே பழமொழி எமது காதை அடைக்கும் பஞ்சாக மாறிவிடுகின்றதே! அதனை என்னென்பது?

இதனை எழுதும் நாம் பிறரைக் குறை கூறும் தகுதி படைத்தோரல்லர். 2016ஆம் ஆண்டு எமது வேலிக்கு அடுத்த வளவிலே ஓர் இளங் குடும்பம் குடியிருந்தது. கணவர் கடையொன்றிலே கணக்கெழுதுபவர். ஊரில் எவரோடும் கடிந்து பேசி அறியாதவர். கோயில் திருவிழாவிலே முன்னின்று உழைப்பவர். மனைவி கைக்குழந்தையோடு இருந்தார். மாமியாரும் உடனிருந்தார். சில இரவுகளில் அந்த வீட்டிலிருந்து ஏதோ உருண்டு விழும் ஓசையும், அடக்கிக்கொண்ட அழுகையும் எமக்குக் கேட்கும். நாம் என்ன செய்தோம்? தொலைக்காட்சியின் சத்தத்தைச் சற்றுக் கூட்டினோம்.

மறுநாட் காலை வேலிக்கு மேலாக அப்பெண்ணைக் கண்டபோது, கன்னத்திலே நீலம் பாரித்திருந்தது. "கிணத்துப் படியிலை வழுக்கிப் போட்டுது அக்கா" என்றார். "கவனம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு நாம் உள்ளே வந்துவிட்டோம். படி வழுக்கவில்லை என்பதை நாம் அறிவோம். நாம் அறிவோம் என்பதை அவரும் அறிவார். இருந்தும், இருவரும் அந்தக் கிணற்றுப் படியின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

ஆனால், அந்த வீட்டின் படலையைத் திறந்துகொண்டு வந்துபோன இன்னொருவர் எம்மைப்போல் இருக்கவில்லை. அவர் எமது பகுதிக் குடும்ப நல மருத்துவமாது. தாய்மார் 'மிசி' என்று அன்போடு அழைப்பது அவரைத்தான். அவர் செய்தது என்ன, செய்யாதுவிட்டது என்ன என்பவற்றைப் பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாயே எமக்கு எடுத்துரைத்தார். அவருடைய சம்மதத்துடனும், அவரை அடையாளங் காணாதபடி சில விபரங்களை மாற்றியும் அதனை இங்கே தருகின்றோம்.

படலையைத் திறந்து வருபவர்

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ஆம் ஆண்டு களுத்துறையிலே ஆரம்பிக்கப்பட்டது. நோயாளர் ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திராமல், சுகாதார சேவையே மக்களின் வீட்டைத் தேடிச் செல்லவேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த வித்தே இன்று நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளாகக் கிளைத்து நிற்கின்றது. அம்மரத்தின் வேர் நுனியிலே, மண்ணோடு மண்ணாக நின்று உழைப்பவர் மருத்துவமாது. ஏறத்தாழ 3000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர்கள் கடமையாற்றுகின்றனர்.

ஒரு பெண் கர்ப்பமுற்றதும் அவளுடைய பெயர் இவருடைய பதிவேட்டில் ஏறிவிடுகின்றது. கர்ப்ப காலத்திலே வீடு வந்து பார்க்கிறார். பிள்ளை பிறந்த முதற் பத்து நாட்களுக்குள்ளேயே இரு தடவை வருகிறார். பின்னரும் குழந்தையை நிறுப்பது, தடுப்பூசிக்கு நாள் சொல்வது, திரிபோஷா கொடுப்பது என்று தொடர்பு நீள்கின்றது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தாயைச் சில நிமிஷங்களே பார்க்கிறார். அதுவும் அவள் நல்ல சேலை உடுத்து, நல்ல முகங் காட்டி வரும் வேளையிலே. மருத்துவமாதோ அவளை அவளுடைய அடுக்களையிலே, கலைந்த தலையோடு பார்க்கிறார். உடைந்த கதவையும் பார்க்கிறார். பேச்சின் நடுவிலே திடீரெனத் தாழும் குரலையும் கேட்கிறார்.

இன்னொன்றையும் இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு வீட்டுக்குப் பொலிஸார் வந்தால் தெரு முழுவதும் எட்டிப் பார்க்கும். உறவினர் கூட்டமாக வந்தால் "என்ன சங்கதி?" என்று அயல் கேட்கும். மருத்துவமாது வந்தால் எவரும் கேட்பதில்லை. பிள்ளையை நிறுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வர். அடிக்கும் கணவனே அவருக்குக் கதிரை எடுத்துப் போடுவான்! துன்புறும் தாயிடம் சந்தேகத்தைக் கிளப்பாமல் சென்று சேரக்கூடிய கால்கள், எமது நாட்டிலே, பெரும்பாலும் இவருடைய கால்களே.

ஐவரில் ஒருவர்

"இதெல்லாம் எங்கோ ஒரு குடிகாரன் வீட்டிலே நடப்பது" என்று எண்ணும் வாசகருக்கு ஒரு கணக்கைக் கூற விரும்புகின்றோம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டிலே நாடு தழுவிய முறையில் பெண்களின் நலன் பற்றிய ஆய்வொன்றை நடத்தியது. மணமான, அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களிலே நூற்றுக்கு 20.4 பேர், அதாவது ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரால் உடல் வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு ஆளானவர் என்று அது கண்டது. எமது தெருவிலே எத்தனை வீடுகள் இருக்கின்றன? ஐந்து ஐந்தாக எண்ணிப் பார்ப்போமாக. உலகக் கணக்கும் இதற்குக் குறைந்ததன்று. இவ்வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையென 1996ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார மகாநாடு பிரகடனஞ் செய்துவிட்டது.

சுகாதாரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நீலம் பாரித்த கன்னம் ஒரு வாரத்திலே ஆறிவிடும். ஆறாதவை வேறு பல உள. இத்துன்பத்துக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு உண்டாவது மற்றையோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அவர்களிடையே குறைமாதப் பிரசவமும் கருச்சிதைவும் கூடுதலாகக் காணப்படுகின்றன. உறக்கமின்மை, ஓயாத தலைவலி, காரணந் தெரியாத வயிற்று நோ என்று கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப வரும் தாயின் மருந்துத் துண்டிலே எழுதப்படாத நோய் பலவேளை இதுவாகவே இருக்கும். தாயின் மடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையின் நெஞ்சிலே விழும் வடுவை எந்தத் தராசிலே நிறுப்பது?

இருந்தும் தாய் வாய் திறப்பதில்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்திருக்கிறோம். "கல்லானாலும் கணவன்" என்று போதித்திருக்கிறோம். பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் ஒரு புறம்; தங்கையின் கலியாணம் தடைப்பட்டுவிடுமோ என்ற கவலை மறுபுறம். சொல்லிவிட்டு அதே கூரையின் கீழ் அன்றிரவும் படுக்கவேண்டுமே என்ற நடுக்கம் இவை எல்லாவற்றுக்கும் மேலானது. ஆகவே கிணற்றுப் படி வழுக்குகின்றது, கதவு நிலை நெற்றியில் இடிக்கின்றது, மாடு முட்டிவிடுகின்றது.

மிசி கேட்ட கேள்வி

அன்று மருத்துவமாது வந்தபோது மாமியார் வழக்கம்போல் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். கன்னத்தைக் கண்ட மிசி அவர் முன்னிலையில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "பால் கட்டியிருக்கோ எண்டு பாக்கவேணும் அம்மா, நாங்கள் உள்ளுக்குப் போறம். நீங்கள் பிள்ளையைக் கொஞ்சம் வைச்சிருங்கோ" என்று கூறித் தாயை அறைக்குள் அழைத்துச் சென்றார். கதவு சாத்திய பின்பே, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நான் போற வீடுகளிலை கனபேருக்கு நடக்கிற விஷயம். அதாலை கேக்கிறன். வீட்டிலை ஆரும் உமக்கு அடிக்கிறவையோ?" என்று வினவினார்.

"இல்லை மிசி" என்றார் அந்தத் தாய்.

மிசி மறுத்துப் பேசவில்லை. காயத்தைச் சுட்டிக்காட்டி வாக்குவாதஞ் செய்யவுமில்லை. "நல்லது. எப்பவாவது சொல்லவேணும்போல இருந்தால் எனக்குச் சொல்லலாம். நான் ஆரிட்டையும் போய்ச் சொல்லமாட்டன்" என்றுமட்டும் கூறி, பரிசோதனையை முடித்துப் புறப்பட்டார். அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வியைக் கேட்டார். தாய் அழுதார், ஆனால் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் முறை மிசி கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

"முதல் நாளே அவ துருவித் துருவிக் கேட்டிருந்தால், நான் பிறகு கிளினிக்குக்கே போயிருக்கமாட்டன் அக்கா. கேட்டுப்போட்டு விட்டதுதான் பெரிசு. கேக்கிறதுக்கு ஒராள் இருக்கு எண்டு தெரிஞ்சுது" என்று பின்னாளிலே அவர் எம்மிடம் சொன்னார்.

மிசி கையாண்ட முறை தற்செயலானதன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலும் இதனையே அறிவுறுத்துகின்றது. தாய் தனியாக இருக்கும்போது மட்டுமே கேட்கவேண்டும். கணவரோ, மாமியாரோ, ஏன், பேசக் கற்ற குழந்தையோ அருகில் இருத்தல் கூடாது. முதலுதவி என்பது ஐந்து படிகளைக் கொண்டது: பொறுமையோடு செவிமடுத்தல், அவளுக்கு இப்போது தேவைப்படுவது யாதெனக் கேட்டறிதல், அவள் சொல்வதை நம்புவதாகவும் பிழை அவளுடையதன்று எனவும் உணர்த்துதல், அவளுடைய பாதுகாப்பைப் பெருக்க வழி தேடல், மேலும் உதவி பெறத் துணை நிற்றல். இவற்றிலே மருந்து எதுவுமில்லை, ஊசி எதுவுமில்லை. உடலுக்கு உண்டான காயத்துக்கு வைத்தியம் செய்யத் தெரிந்த எமக்கு, "பிழை உம்மிலை இல்லை, பிள்ளை" என்ற ஒரு வசனமும் வைத்தியமே என்பது எவ்வளவு காலம் தெரியாமற் போயிற்று!

செய்யாது விட்டவை

மிசி என்ன செய்யவில்லை என்பதும் அறியத்தக்கது. கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தச் சமாதானம், மிசி படலையைத் தாண்டிப் போன மறுகணமே "ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறாயா?" என்ற புதிய அடியாக அத்தாயின் மேல் விழக்கூடும். "பொறுத்துப் போ" என்று அவர் சொல்லவில்லை. "இன்றைக்கே விட்டுவிட்டு வா" என்றும் சொல்லவில்லை. பிரிந்து செல்லும் வேளையே பலருக்கு மிகுந்த ஆபத்தான வேளையாகின்றது. எப்போது, எப்படி என்பதை முடிவு செய்ய வல்லவர், அவனோடு வாழ்ந்து அவனுடைய குணத்தின் ஒவ்வொரு திருப்பத்தையும் அறிந்த அந்தத் தாயே.

தாயின் கையிலிருக்கும் கர்ப்பகால அட்டையிலோ குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டிலோ அவர் இதைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதவில்லை. அந்தப் புத்தகங்கள் வீட்டுக்குப் போகின்றவை. வீட்டிலே யார் அவற்றைப் புரட்டுவார் என்று எவர் அறிவார்?

ஆனால் ஆபத்தின் அளவை அவர் கேட்டறிந்தார். கடந்த ஆறு மாதங்களில் அடி கூடிவருகின்றதா? ஆயுதத்தால் தாக்கியதோ, மிரட்டியதோ உண்டா? கழுத்தை நெரிக்க முயன்றதுண்டா? கர்ப்பமாயிருந்தபோது அடித்தாரா? ஓயாத சந்தேகமும் பொறாமையும் கொண்டவரா? கொன்றுவிடக்கூடும் என்று நீர் அஞ்சுகிறீரா? இவற்றுள் மூன்றுக்கோ அதற்கு மேற்பட்டவற்றுக்கோ "ஆம்" என்ற விடை வந்தால் ஆபத்து மிக அண்மையில் உள்ளது என்று கொள்ளவேண்டும். சிறப்பாக, கழுத்தை நெரித்தலை எவரும் இலேசாக எண்ணலாகாது. வெளியே தழும்பு தெரியாதிருக்கலாம். உள்ளே உயிருக்கே உலை வைத்திருக்கலாம்.

பிறநாட்டார் கண்ட அனுபவம்

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழும். மருத்துவமாதோ டாக்டரோ கேட்டுவிட்டால் போதுமா? கேட்டபின் வருவது என்ன?

இங்கிலாந்திலே பிரிஸ்டல் நகரிலும் லண்டனின் ஹாக்னிப் பகுதியிலும் நடத்தப்பட்ட ஒரு சோதனை இதற்கு விடை தருகின்றது. அங்கே 24 குடும்ப வைத்திய நிலையங்களுக்குப் பயிற்சி அளித்தனர். அத்தோடு நிற்காமல், துன்புறும் பெண்களுக்கு உதவும் அமைப்பிலிருந்து ஒரு துணையாளரை அந்நிலையங்களோடு இணைத்தும் விட்டனர். டாக்டர் கேட்டறிந்ததும், "இன்னாரிடம் பேசும், அவரை எனக்குத் தெரியும்" என்று பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். 2011ஆம் ஆண்டு வெளியான முடிவு யாது? ஓராண்டிலே அந்த 24 நிலையங்களும் 223 பெண்களைத் துணையாளரிடம் அனுப்பின. இந்த ஏற்பாடில்லாத வேறு 24 நிலையங்கள் அனுப்பியவை 12 மாத்திரமே! இரு பக்கத்து டாக்டர்களும் கருணையுள்ளவர்களே. ஒரு பக்கத்தாருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. கேட்டபின் நீட்டுவதற்கு இன்னொரு கையும் இருந்தது.

அவுஸ்திரேலியாவிலே மெல்போர்ன் நகரில் இன்னொரு வழியை நாடினர். கர்ப்பிணிகளாகவோ ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாராகவோ இருந்து இக்கொடுமைக்கு ஆளானோரைக் குடும்ப டாக்டர்களும் தாய் சேய் நலத் தாதியரும் இனங்கண்டு அனுப்ப, பயிற்சி பெற்ற சாதாரணத் தாய்மார் வாரந்தோறும் அவர்களைச் சந்தித்தனர். ஏறத்தாழ ஓராண்டு காலம் இத்தோழமை தொடர்ந்தது. அவர்கள் வழக்கறிஞரல்லர், வைத்தியருமல்லர். பிள்ளை பெற்றுப் பேணிய அனுபவமுள்ள பெண்கள். வியட்நாமிய மொழி பேசும் தாய்மாருக்கு அதே மொழி பேசும் துணைவியரும் இருந்தனர். இத்தோழமையினால் துன்புறுத்தல் ஓரளவு குறைந்தது என்று 2011இல் வெளியான அறிக்கை காட்டிற்று. "ஓரளவு" என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதுகின்றோம். இது மந்திரமன்று. ஆனால் நாலு சுவருக்குள் தனித்திருந்த பெண்ணுக்கு "வருகிற வாரமும் ஒருத்தி வருவாள்" என்ற நிச்சயம் கிடைத்தது. அது சிறிய காரியமா?

எமது நாட்டிலே நீட்டக்கூடிய கைகள்

"அங்கே வசதி உண்டு, இங்கே என்ன உண்டு?" என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றிலே 'மிதுரு பியச' எனச் சிங்களத்திலும், 'நட்பு நிலையம்' எனத் தமிழிலும் பெயர்கொண்ட தனிப் பிரிவுகள் இயங்குகின்றன. பெயர்ப் பலகையைக் கண்டு எவரும் "அடிபட்டவள் போகிறாள்" என்று விரல் நீட்டாதிருக்க, நட்பு என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது! பிரதேச செயலகத்திலே மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸ் நிலையங்களிலே சிறுவர், மகளிர் பணியகங்கள் உள்ளன. பணமில்லாதோருக்காக வழக்குப் பேச சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவித் தொலைபேசி. உயிராபத்தான வேளையிலே 119 பொலிஸாருக்குரியது.

சட்டமும் துணை நிற்கின்றது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பிலே பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவசரமெனக் கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி குறிப்பார். விசாரணையின் பின் வழங்கும் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகலாம். அடிப்பவர் அவ்வீட்டுக்குள் நுழைவதையும் அவளைத் தேடிச் செல்வதையும் அதனால் தடுக்கலாம். அதனை மீறுதல் தண்டனைக்குரிய குற்றம். கணவர் மட்டுமன்றி, கணவரின் பெற்றோர், சகோதரர் இழைக்கும் கொடுமைக்கும் இச்சட்டம் பொருந்தும். உடலில் அடித்தல் மட்டுமன்றி, கடுமையான மன வேதனைக்கு ஆளாக்குதலும் இதில் அடங்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பாதுகாப்புக் கட்டளை கேட்பது விவாகரத்துக் கேட்பதாகாது. "தாலியை அறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்" என்று அஞ்சி ஒதுங்கும் தாய்மாருக்கு இதனை எடுத்துச் சொன்னாலே பாதிப் பயம் தெளியும்.

ஒரு சிறு மூட்டை

எமது அடுத்த வளவுத் தாய்க்கு வருவோம். மிசியும் அவரும் பல நாட்களாக, சிறிது சிறிதாக, ஓர் ஏற்பாட்டைச் செய்தனர். தேசிய அடையாள அட்டையின் பிரதி, விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டொரு உடுப்பு, சீட்டுப் பணத்திலே மிஞ்சிய கொஞ்சக் காசு ஆகியவை ஒரு சிறு மூட்டையாக அவருடைய அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. சண்டை மூளும்போது அடுக்களைப் பக்கம் ஒதுங்கக் கூடாது, அங்கே கத்தியும் அலவாங்கும் இருக்கின்றன. முற்றத்துப் பக்கம் நிற்கவேண்டும் என்றும் தீர்மானித்தனர். இவ்வளவுக்கும் மேலாக, நம்பத்தக்க ஓர் அயலவரிடம் ஓர் அடையாளம் சொல்லிவைக்கவேண்டும் என்று மிசி கூறினாராம்.

அந்த அயலவர் நாமே. ஒருநாள் மாலை முருங்கைக் கீரை கேட்பவர்போல் வேலியடிக்கு வந்து, "அக்கா, எங்கடை பின் விறாந்தை லைற் ராத்திரியிலை திடீரெண்டு எரிஞ்சால், பொலிசுக்கு ஒருக்கால் அடிப்பீங்களோ?" என்று கேட்டார். அந்தக் கணம் எமக்குண்டான வெட்கத்தை எழுத்திலே வடிக்க இயலாது. எத்தனையோ இரவு காதிருந்தும் செவிடராயிருந்த எம்மை நம்பி ஒரு தாய் இந்த வேண்டுகோளை விடுத்தார். "அடிப்பன் பிள்ளை" என்றோம்.

இரண்டு மாதங்களுக்குப் பின், மழைநாள் இரவொன்றிலே அந்த விளக்கு எரிந்தது. அன்று நாம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டவில்லை. 119க்கு அழைத்துவிட்டு, எமது வீட்டு வெளி விளக்குகள் அனைத்தையும் போட்டு, முற்றத்திலே இறங்கி நின்று அத்தாயின் பெயரை உரத்துக் கூப்பிட்டோம். கூப்பிட்ட குரல் கேட்டு இன்னும் இரு வீடுகளிலே கதவு திறந்தது. பொலிஸார் வந்தனர். அதன் பின் அக்கா வீடு, ஆஸ்பத்திரியின் நட்பு நிலையம், நீதவானின் கட்டளை. ஒவ்வோரிடத்திலும் அவர் தம் கதையை முதலிலிருந்து அழுது சொல்லாதபடி, மிசி முன்கூட்டியே உரியவரோடு பேசிவைத்திருந்தார்.

மிசிக்கும் துணை வேண்டும்

இதனால் மருத்துவமாதுமார் எல்லோரும் இப்படியே இயங்குகின்றனர் என்று நாம் கூறவரவில்லை. அவர்களுடைய தோளிலே ஏற்கனவே சுமை அதிகம். பதிவேடுகள் பல, நடக்கும் தூரமோ பெரிது. "கேட்டு வைத்தால் அவன் என் மேலேயே பாய்ந்தால்?" என்ற அச்சம் அவர்களுக்கும் உண்டு. அவர்களுள்ளும் சிலர் தம் வீட்டிலே இதே துன்பத்தை அனுபவிப்பவராக இருக்கலாம். ஆதலின், "கேள்" என்று கட்டளையிட்டால் மட்டும் போதாது. கேட்கும் முறையிலே பயிற்சி வேண்டும். கிளினிக்கிலே தனித்துப் பேச ஓர் அறை, குறைந்தது ஒரு திரைச்சீலையாவது வேண்டும். யாரிடம் அனுப்புவது என்ற பெயர்களும் இலக்கங்களும் கையிலே வேண்டும். கேட்ட துயரத்தை இறக்கிவைக்க, அவர்களுக்குச் செவிகொடுக்கும் மேலதிகாரியும் வேண்டும். அந்த அடுத்த கை இல்லாத இடத்திலே கேள்வி கேட்பது, கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போவதை ஒக்கும்.

வாசகச் சகோதரிகளே, சகோதரர்களே! மாமியாராயிருப்போர் மருத்துவமாது வரும்போது மருமகளைத் தனித்துப் பேச விட்டு ஐந்து நிமிஷம் அப்பால் செல்லுங்கள். கணவராயிருப்போர் கிளினிக்கிலே மனைவியின் விடைகளை நீங்களே சொல்லாதிருங்கள். அயலவராயிருப்போர் கிணற்றுப் படியின் மேல் பழிபோடும் பேச்சுக்கு உடந்தையாகாதிருங்கள். துன்புறும் தாய் இதனை வாசிப்பின் ஒன்று சொல்வோம்: அடுத்த முறை மிசி வரும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் தொடங்கலாம். "மிசி, உங்களோடை தனியக் கதைக்கவேணும்" என்ற அந்த ஒரு வசனம் போதும்.

இறுதியாக, அந்தத் தாய் பின்னர் கணவரோடு சேர்ந்தாரா, பிரிந்தாரா என்று அறிய வாசகர் ஆவல் கொள்ளக்கூடும். அதனை நாம் சொல்லப்போவதில்லை. அது அவருடைய தீர்மானம். அவர் எவருடைய வற்புறுத்தலுமின்றி எடுத்த தீர்மானம். இன்று அவர் தையல் தைக்கிறார்; பிள்ளை பள்ளிக்கூடம் போகின்றது. இரவிலே அவருடைய விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கிறார்.